கிறிஸ் வுட்: ட்ராஃபிக் குழுவின் குழல்காரருக்கு ஓர் இழை

குழலோசை

ட்ராஃபிக் என்ற இங்கிலாந்து ராக் குழுவைப் பற்றி இந்த மன்றத்தில் வந்ததையெல்லாம் நேற்று இரவு தேடிப் படித்தேன். ஸ்டீவ் வின்வுட்டின் குரல், ஜிம் கபால்டியின் வரிகள், டேவ் மேசன் எத்தனை முறை விலகினார், எத்தனை முறை திரும்பினார் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. நான்காவது ஆளுக்கு மட்டும் ஓர் இழைகூட இல்லை. சாக்ஸபோனும் புல்லாங்குழலும் ஊதிய கிறிஸ் வுட்டைத்தான் சொல்கிறேன். அதனால் நானே தொடங்கிவிட்டேன்.

1944 ஜூன் 24-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமை ஒட்டிய குவின்டனில் பிறந்தவர். ஓவியக் கல்லூரிகளில் படித்தவர். 15 வயதில் குழலையும் சாக்ஸையும் கையில் எடுத்து, பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். பின்னாளில் ஃப்ளீட்வுட் மேக் குழுவில் கிறிஸ்டீன் மெக்வீ என்று புகழ்பெற்றவரோடு மாணவப் பருவத்தில் சேர்ந்து வாசித்திருக்கிறார். அப்புறம் லோகோமோட்டிவ் என்ற பர்மிங்காம் குழு. அந்த ஊரின் ஆஸ்டன் பகுதியில் இருந்த எல்போ ரூம் என்ற கிளப்பில்தான் வின்வுட், கபால்டி, மேசன், வுட் நான்கு பேரும் கூடிக் கூடி வாசித்துப் பழகினார்கள். 1967 ஏப்ரலில் ட்ராஃபிக் பிறந்தது. வின்வுட்டுக்கு அப்போது 18 வயது. வுட்டுக்கு 22.

நான் சொல்ல வந்தது வேறு. 1969 தொடக்கத்தில் வின்வுட் பிளைண்ட் ஃபெய்த் குழுவுக்குப் போய்விட, ட்ராஃபிக் கலைந்தது. 1970-இல் அவர் தனி ஆல்பம் ஒன்றைப் பதிவுசெய்யத் தொடங்கினார். தனியாகச் செய்வது சரிப்படாமல் கபால்டியையும் வுட்டையும் கூப்பிட்டார். அந்த நேரத்தில் வுட் ஒரு பழைய நாட்டுப்புறப் பாட்டைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தார். வாட்டர்சன்ஸ் குடும்பத்தார் 1965-இல் வெளியிட்ட 'ஃப்ராஸ்ட் அண்ட் ஃபயர்' தட்டில் அவர் கேட்ட பாட்டு அது: 'ஜான் பார்லிகார்ன்'. தனி ஆல்பமாக ஆரம்பித்தது ட்ராஃபிக்கின் ஆல்பமாக முடிந்தது. ஆல்பத்துக்கு 'ஜான் பார்லிகார்ன் மஸ்ட் டை' என்று அந்தப் பாட்டிலிருந்தே பெயர் வந்தது. அமெரிக்கப் பட்டியலில் 5-ஆம் இடம் வரை போனது.

குழுவுக்கு இரண்டாவது உயிர் கொடுத்த ஆல்பத்தின் முதுகெலும்பை எடுத்து வந்தவர் இவர். இதை யாருமே பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

---

புதுச்செவி

எனக்கு ட்ராஃபிக்கே புதிது. எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? குழலை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டுமென்றால் எந்தப் பாட்டு?

---

குழலோசை

1968 ஆல்பத்தில் '40,000 ஹெட்மென்' இருக்கிறது. மூன்றே கால் நிமிடம்தான். அதில் குழலை எடுத்துவிட்டால் பாட்டு ஒரு பயணக் கதையாக மட்டும் நின்றுவிடும். குழல் இருப்பதால்தான் அது கனவு மாதிரி ஆகிறது. அதைக் கேட்டுவிட்டு 'ஜான் பார்லிகார்ன்' பாட்டுக்கு வாருங்கள்.

---

அடித்தந்தி

குழலோசை, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் ஒரு பாட்டைக் காட்டிக்கொடுத்தது வேறு, அதை உருவாக்கியது வேறு. கிட்டாரை அப்படிப் பின்னியதும் பாடியதும் வின்வுட். ஆல்பத்திலும் 'மரபுப் பாடல், அமைப்பு ஸ்டீவ் வின்வுட்' என்றுதான் இருக்கிறது. நான் நாட்டுப்புறப் பாட்டு நிறையக் கேட்பவன். ஜான் பார்லிகார்ன் யாருடைய சொத்தும் இல்லை. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸே 1782-இல் தன் பாணியில் ஒன்று எழுதிவைத்திருக்கிறார். வுட் கொண்டுவராவிட்டால் வேறு யாராவது கொண்டுவந்திருப்பார்கள்.

---

குழலோசை

வேறு யார்? அந்த அறையில் இருந்தது மூன்று பேர். வின்வுட்டின் வேர் ப்ளூஸிலும் ரிதம் அண்ட் ப்ளூஸிலும். கபால்டி டிரம்ஸ்காரர், வரிகள் எழுதுபவர். ஜாஸ் தட்டையும் கேட்டு, கூடவே யார்க்‌ஷயர் குடும்பம் ஒன்று வாத்தியமே இல்லாமல் பாடிய தட்டையும் கேட்கிற காது வுட்டுக்குத்தான் இருந்தது.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பார்லி தானியத்தையே ஒரு மனிதனாக்கிப் பாடுகிறார்கள். மூன்று பேர் மேற்கிலிருந்து வந்து, அவன் சாக வேண்டும் என்று சபதம் செய்கிறார்கள். உழுது, விதைத்து, தலைமேல் மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். மழை பெய்ததும் அவன் எழுந்துவிடுகிறான். தாடி வளர்ந்து ஆளாகிறான். அரிவாளால் முழங்காலில் அறுக்கிறார்கள், கட்டுகிறார்கள், அடிக்கிறார்கள், கடைசியில் இரண்டு கல்லுக்கு நடுவே அரைக்கிறார்கள். அத்தனைக்கும் பிறகு பீராகிக் கிண்ணத்தில் வந்து நிற்பவன் எல்லாரையும் விடப் பலசாலி.

இவ்வளவு கொடுமையான கதைக்குக் குழல் எப்படி வாசிக்க வேண்டும்? அழவைக்கப் பார்க்கலாம், பயமுறுத்தப் பார்க்கலாம். வுட் இரண்டையும் செய்யவில்லை. முதலில் கிட்டாரும் குரலும் மட்டும் வருகின்றன. குழல் காத்திருக்கிறது. பிறகு வந்து, மெட்டோடு ஒட்டி நடந்து, சரணம் முடியும் இடத்தில் கொஞ்சம் மேலே போய்த் திரும்புகிறது. வயலுக்கு அந்தப் பக்கம் காற்று அடிப்பது போல இருக்கும். அந்த நிதானத்தை நான் அமைப்பின் ஒரு பங்கு என்றுதான் சொல்வேன்.

---

ரீட்டும்_நானும்

நான் டெனர் சாக்ஸும் குழலும் வாசிப்பவன். சிறு குழுக்களோடு மேடை ஏறியிருக்கிறேன். இந்த இழைக்காகவே உள்ளே வந்தேன். ஊதுகிறவன் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்லட்டுமா?

முதலாவது சுருதி. ராக் பாட்டுகள் பெரும்பாலும் கிட்டாருக்கு வசதியான சுருதியில் இருக்கும். திறந்த தந்திகள் ஒலிக்கும் 'ஈ', 'ஏ' மாதிரி. டெனர் சாக்ஸ் 'பி ஃப்ளாட்' கருவி, நான் ஒரு சுரத்தை ஊதினால் வேறு சுரமாக ஒலிக்கும். கிட்டார்காரர் 'ஈ' என்றால் நான் 'எஃப் ஷார்ப்' வாசிக்க வேண்டும், அதாவது ஆறு ஷார்ப் (அரைச்சுரம் ஏற்றிய சுரங்கள்). அவர் 'ஏ' என்றால் எனக்கு 'பி', ஐந்து ஷார்ப். அவருக்குக் கை தானாகப் போகிற இடம் எனக்கு விரல் பின்னிக்கொள்கிற இடம். பியானோவும் ஆர்கனும் வாசிக்கிற வின்வுட் போன்றவர் இருந்தால் கொஞ்சம் நிம்மதி. இருந்தாலும் ராக் குழுவில் சாக்ஸ் ஊதுபவர் எப்போதும் அடுத்தவர் வீட்டில் சமைக்கிற மாதிரிதான் வாசிக்கிறார்.

இரண்டாவது உதடு. சாக்ஸில் ரீட்டை, அதாவது வாயில் வைக்கும் மெல்லிய நாணல் தகட்டை, கீழுதட்டால் பிடித்து இறுக்க வேண்டும். குழலுக்கு அதே உதடு தளர்ந்து, நடுவில் சின்னத் துவாரம் விட்டு, காற்றை எதிர்விளிம்பின் மேல் சரியான கோணத்தில் செலுத்த வேண்டும். விளிம்பில் பட்டு அந்தக் காற்று பிளந்து ஆடுவதுதான் ஒலி. ரீட் கிடையாது, தாங்குவதற்கு எதுவும் கிடையாது. பத்து நிமிடம் சாக்ஸ் ஊதிவிட்டு உடனே குழலை எடுத்தால் முதல் சுரம் வெறும் காற்றாகத்தான் வரும். உதடு மரத்துப்போயிருக்கும். ஒருமுறை மேடையில் எனக்கு முதல் நான்கு சுரமும் வரவே இல்லை. மைக்கில் 'ஃபூ' என்ற சத்தம் மட்டும். பாடகர் திரும்பிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது 1970 ஆல்பத்தின் முதல் இரண்டு பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள். 'க்ளாட்' ஏழு நிமிட வாத்திய இசை, அதில் மின்கருவி வழியாகப் போன சாக்ஸ். அது தளர்ந்து அடங்கி, நிற்காமல் 'ஃப்ரீடம் ரைடர்' தொடங்கும், அதில் குழல். ஸ்டுடியோவில் ஒன்றைப் பதிந்துவிட்டு அதன்மேல் இன்னொன்றை மேல்பதிவு செய்துகொள்ளலாம். மேடையில் அதே ஆள் இரண்டையும் மாற்றி மாற்றி ஊத வேண்டும். அதை வருடக்கணக்கில் செய்தவர் வுட்.

மூன்றாவது சத்தம். 100 வாட் கிட்டார் ஆம்புக்கு (ஒலிபெருக்கிக்கு) முன்னால் குழல் எம்மாத்திரம்? மைக்கைத் திறந்தால் பக்கத்து ஆம்பும் டிரம்ஸும் சேர்ந்து உள்ளே வரும். ஒலியைக் கூட்டினால் 'கீ' என்று ஃபீட்பேக். அதற்குப் பயந்து உதட்டை மைக்கோடு ஒட்டி வாசித்தால் மூச்சுச் சத்தம் பெரிதாகிவிடும். அந்தக் காலத்தில் மேடையில் தான் வாசிப்பது தனக்கே கேட்பதற்கு இப்போது இருக்கிற வசதி கிடையாது. சத்தமான குழுவில் மெதுவாக வாசிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது, ஒருமுறையாவது அப்படி நின்று ஊதியவருக்குத் தெரியும்.

---

அடித்தந்தி

ரீட்டும்_நானும், இது எனக்குத் தெரியாத பக்கம். நன்றி.

ஆனால் குழல் என்றாலே ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் அல்லவா? அதே சத்தத்துக்கு நடுவே அவர் குழல் அப்படி வெட்டிக்கொண்டு வருகிறதே.

---

ரீட்டும்_நானும்

ஆண்டர்சன் வேறு வழி கண்டுபிடித்தார். 1967-இல் தன் கிட்டாரைக் கொடுத்துவிட்டுக் குழல் வாங்கியவர். சில மாதப் பழக்கத்தில் 1968-இல் முதல் ஆல்பம். ஊதும்போதே தொண்டையால் முனகுவார், துப்புவது மாதிரி சுரத்தைத் தள்ளுவார். அந்த முனகல் ஜாஸ் கலைஞர் ரோலண்ட் கிர்க்கிடமிருந்து வந்தது. கிர்க்கின் 'செரனேட் டு எ குக்கூ' அந்த முதல் ஆல்பத்திலேயே இருக்கிறது. ஆண்டர்சன் குழுவின் முகம், பாடகர், பாட்டு எழுதுபவர். குழல் முன்னால் வந்தாக வேண்டும்.

மூடி ப்ளூஸின் ரே தாமஸ் இன்னொரு மாதிரி. 1967-இல் 'நைட்ஸ் இன் வைட் சாட்டின்' பாட்டில் அவருக்கென்று ஓர் இடம் ஒதுக்கி, எல்லாரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அவர் ஊதி முடித்ததும் பாட்டு திரும்புகிறது. அழகுதான், மறுக்க மாட்டேன்.

வுட்டுக்கு இரண்டும் இல்லை. முன்னால் வந்து நிற்கவும் மாட்டார், இடம் கேட்கவும் மாட்டார். மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் நுழைந்துவிடுவார்.

---

பழைய_ஊசி

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். ட்ராஃபிக் தட்டுகளை 45 வருடமாகக் கேட்கிறேன். ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

பெர்க்‌ஷயரில் ஆஸ்டன் டிரோல்ட் (இப்போது ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் இருக்கிறது) என்ற கிராமத்துக்கு வெளியே ஒரு குடிலில் நான்கு பேரும் தங்கினார்கள். அக்கம்பக்கத்தில் வீடு இல்லாததால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ராக் குழுக்கள் கிராமத்தில் ஒன்றாகத் தங்கி இசை தேடுவது பிறகு வழக்கமாகிவிட்டது. 1967-இல் அது புதிது. வுட்டின் வாசிப்பு அந்த இடத்தில் உருவானது என்று நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், சரியாகப் பொருந்தும்.

அடுத்து கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். 1968 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' ஆல்பத்தில் கடலுக்கு அடியில் போகிற அந்த 13 நிமிடப் பாட்டு இருக்கிறதே, '1983' என்று தொடங்கும் பெயர் கொண்டது, அதில் வருகிற குழல் கிறிஸ் வுட். பலருக்குத் தெரியாது. ஹெண்ட்ரிக்ஸின் கிட்டாருக்குப் பக்கத்தில் நின்று ஊதுவதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், கூட்டிச் சொல்லவும் இல்லை குறைத்துச் சொல்லவும் இல்லை, அவ்வளவு அளவாக வாசித்திருக்கிறார்.

குழு கலைந்திருந்த காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் பியானோ கலைஞர் டாக்டர் ஜானோடு அமெரிக்காவில் வாசித்தார். 1970-இல் டிரம்ஸ்காரர் ஜிஞ்சர் பேக்கரின் ஏர் ஃபோர்ஸ் குழுவில் இருந்தார். அது பெரிய பட்டாளம், அதில் இவரைத் தனியாகக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

1971-இல் 'தி லோ ஸ்பார்க் ஆஃப் ஹை ஹீல்டு பாய்ஸ்'. தலைப்புப் பாட்டு 11 நிமிடத்துக்கும் மேல். தூரத்திலிருந்து வருவது போல பியானோ மெல்ல ஒலி கூடிவர, அதன்மேல் சாக்ஸ் அலைந்து திரியும். இரவு விளக்கை அணைத்துவிட்டு நான் அதிகம் கேட்ட தொடக்கம் அதுதான்.

1973 'ஷூட் அவுட் அட் தி ஃபேன்டசி ஃபேக்டரி' ஆல்பத்தில் 'ட்ராஜிக் மேஜிக்' என்ற வாத்திய இசை முழுக்க வுட் எழுதியது. அவர் பெயர் மட்டும் தனியாகப் போட்டு வந்த அரிதான ஒன்று. விமர்சகர்கள் அந்த ஆல்பத்தைப் பெரிதாகப் பாராட்டவில்லை, எனக்கும் முழு ஆல்பம் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒன்றை விடாதீர்கள்.

---

புதுச்செவி

1974-க்குப் பிறகு என்ன ஆனார்?

---

பழைய_ஊசி

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. 1974-இல் 'வென் தி ஈகிள் ஃப்ளைஸ்' வந்தது, குழு முடிந்தது. குடியும் போதைப் பழக்கமும் அவரை நெடுங்காலமாகவே பிடித்திருந்தன. விமானத்தில் ஏறுவது அவருக்குப் பெரிய பயம், அதைத் தாண்டுவதற்காகத் தொடங்கியது என்று சொல்வதுண்டு. ஒரு குழுவின் பிழைப்பே அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருக்கிறபோது, பறக்கப் பயப்படுகிறவர் வேறு என்ன செய்வார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பாடகி ஜானெட் ஜேகப்ஸை மணந்திருந்தார். அவர் 1982-இல் இறந்தார். அடுத்த வருடம், 1983 ஜூலை 12 அன்று, பர்மிங்காமில் நிமோனியாவால் வுட் காலமானார். வயது 39. தனி ஆல்பம் ஒன்றுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது, முடியவில்லை.

---

அடித்தந்தி

39. இது எனக்குத் தெரியாது. ஹெண்ட்ரிக்ஸ் பாட்டின் பெயரிலும் அதே 1983.

---

பழைய_ஊசி

அந்த ஒற்றுமையை நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. பெயரில் இருக்கிற எண்ணை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற குழலைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

---

குழலோசை

அடித்தந்தி முன்னால் சொன்ன உரிமை விஷயத்துக்குத் திரும்புகிறேன், அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. மெட்டும் வரியும் எழுதியவர்தான் பாட்டுக்குச் சொந்தக்காரர் என்பது பழைய வழக்கம். ஆனால் பாட்டு என்று நாம் ஞாபகம் வைத்திருப்பது பல நேரம் வாத்தியக்காரர் போட்ட ஒரு வரியைத்தான். ப்ரோகல் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1967 பாட்டு. அந்த ஆர்கன் இசையை வாசித்த மேத்யூ ஃபிஷர் வழக்குப் போட்டு, 2006-இல் இசைக்கான உரிமையில் 40 சதவீதம் அவருடையது என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் ஏற்ற இறக்கம் ஆகி, 2009-இல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவருக்குச் சாதகமாக முடித்தது. 40 வருடம் கழித்துத்தான் ஆர்கனும் பாட்டின் ஒரு பங்குதான் என்று சட்டம் ஒத்துக்கொண்டது.

வுட் இருந்திருந்தால் வழக்குப் போட்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை. பாட்டைத் தேடி எடுத்து வந்தவர், அதில் எங்கே வாயைத் திறக்கக் கூடாது என்று தெரிந்தவர், அவருக்கு எந்தக் கட்டத்தில் பெயர் போடுவது என்பதுதான் என் கேள்வி. அதற்கான கட்டமே இல்லை.

---

அடித்தந்தி

சரி, இந்த இடத்தில் நான் இறங்கி வருகிறேன். 'வேறு யாராவது கொண்டுவந்திருப்பார்கள்' என்றேன், அது தவறு. 1970-க்கு முன்னால் இங்கிலாந்தில் நாட்டுப்புறப் பாட்டை மின்கருவிகளோடு சேர்த்தவர்கள் உண்டு, ஃபேர்போர்ட் கன்வென்ஷன் 1969-இலேயே செய்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் நாட்டுப்புறப் பாட்டுக்குள்ளேயே போய்த் தங்கிவிட்டவர்கள். பியானோவும் சாக்ஸுமாக 'க்ளாட்' வாசிக்கிற ஒரு குழுவிடம் போய் இந்தப் பாட்டை நீட்ட ஒரு தனி ஆள் தேவைப்பட்டிருக்கிறார்.

அமைப்பு வின்வுட்டுடையது என்பதில் மட்டும் மாற்றமில்லை. அந்த கிட்டாரை நான் வாசித்துப் பார்த்திருக்கிறேன்.

---

பழைய_ஊசி

வின்வுட்டே அதை மறந்ததாகத் தெரியவில்லை. 1994-இல் அவரும் கபால்டியும் ட்ராஃபிக் பெயரில் மறுபடி சேர்ந்து 'ஃபார் ஃப்ரம் ஹோம்' வெளியிட்டபோது, அந்த ஆல்பத்தை வுட்டுக்குத்தான் சமர்ப்பித்தார்கள். 2004-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் ட்ராஃபிக்கைச் சேர்த்துக்கொண்டபோது நான்கு பெயரில் அவர் பெயரும் இருந்தது. அவர் போய் 21 வருடம் ஆகியிருந்தது. அடுத்த வருடமே கபால்டியும் போய்விட்டார்.

---

புதுச்செவி

நேற்று '40,000 ஹெட்மென்' கேட்டேன். இன்று காலை 'ஜான் பார்லிகார்ன்' மூன்று முறை. முதல் முறை கதைக்காக, இரண்டாவது கிட்டாருக்காக. மூன்றாவது முறை குழலுக்காக மட்டும், ஹெட்போன் போட்டு.

ரீட்டும்_நானும் அவர்களிடம் ஒரு கேள்வி. அவர் ஊதும் சுரம் தொடங்குவதற்கு முன்னால் லேசாகக் காற்று வருவது போலக் கேட்கிறது. பதிவின் குறையா, இல்லை வேண்டுமென்றே செய்ததா?

---

ரீட்டும்_நானும்

குறை இல்லை. காற்று விளிம்பில் பட்டு ஒலியாக மாற ஒரு நொடியில் சின்னப் பங்கு ஆகும். நாக்கால் 'து' என்று தட்டி விட்டால் அந்த இடைவெளி மறைந்து சுரம் பளிச்சென்று தொடங்கும், முறையாகப் பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். தட்டாமல் மூச்சை மட்டும் அனுப்பினால் நீங்கள் சொல்கிற அந்தக் காற்று முதலில் கேட்கும், பிறகுதான் சுரம் வரும்.

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இப்போது குழலை எடுத்து அந்த வரியை இரண்டு விதமாகவும் ஊதிப் பார்த்தேன். நாக்கால் தட்டும்போது மெட்டு சரியாக இருக்கிறது, ஆனால் அரிவாளோடு வருகிற அந்த மூன்று பேரும் காணாமல் போய்விடுகிறார்கள். மூச்சோடு ஊதும்போது திரும்பி வந்துவிடுகிறார்கள்.